சிலேட்டில் இருந்த சாய்கோடு

பெரியப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள் நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டறையைச் சுத்தம் செய்தேன். பதினாறு நாள் பூட்டிக் கிடந்த இடம். இழைப்புச் சுருளும் மரத்தூளும் ஈரமேறிப் புளித்த வாடை அடித்தது. கூட்டினேன், பலகைகளை அடுக்கினேன், சன்னலோரம் ஆணியில் தொங்கிய சிலேட்டை ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்து மறுபடி மாட்டினேன். மரியாதை செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். அவர் கடைசியாகத் தொடங்கிய வேலையின் அளவு அந்தச் சிலேட்டில்தான் இருந்தது.

பெரியப்பா காகிதத்தில் எழுதியதே இல்லை. எங்கள் ஊர் பர்மாவில் மோல்மேன். இப்போது மௌலமியாயின் என்கிறார்கள், அவருக்குக் கடைசிவரை மோல்மேன்தான். தன்ல்வின் ஆறு கடலைத் தொடும் இடம். எதிரே பிலூ கியூன் என்ற பெரிய தீவு இருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சிலேட்டும் கைத்தடியும் கயிற்றுப்பாயும் அங்கே குடிசைத் தொழில். அந்தத் தீவுச் சிலேட்டில் அளவு எழுதுவார், வேலை முடிந்ததும் துடைத்துவிடுவார். அறுபது வருடம் தச்சு வேலை செய்த மனிதர் எத்தனை நிலை வைத்தார், எத்தனை கட்டில் செய்தார் என்று காட்ட வீட்டில் ஒரு துண்டுத் தாள் கிடையாது.

நான் துடைத்ததில் கண்ணில் நிற்பது இவ்வளவுதான்: நான்கு சின்னக் கோடுகள், பக்கத்தில் எண்கள், அவற்றுக்கு அடியில் சாய்வாக ஒரு நீளக்கோடு. கணக்குத் தீர்ந்தது என்று அடித்த கோடு என்று எண்ணிக்கொண்டேன்.

அதனால் இப்படி ஒரு பட்டறையோ தையலறையோ சமையலறையோ யார் பொறுப்பில் வந்தாலும் அவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: துடைப்பத்தைத் தொடுவதற்கு முன் கைப்பேசியை எடுங்கள். வாசலில் நின்று ஒரு படம், ஒவ்வொரு சுவருக்கும் ஒரு படம், பிறகு ஒவ்வொரு தட்டாக. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்தால் பிற்பாடு பொருளின் அளவும் தெரியும். எதன்மேல் எது கிடந்தது, உட்காரும் இடத்திலிருந்து கைநீட்டினால் எட்டும் கருவி எது, தேய்ந்த இடம் எது என்று கவனியுங்கள். ஒரு தொழிலாளி விட்டுப்போன கையெழுத்து அந்த வரிசைதான். நான் அதைக் கூட்டிப் பெருக்கி வாரிக் கொட்டிவிட்டேன்.

அவர் பிறந்தது 1943இல். அதற்கு முந்தைய வருடம் சனவரிக் கடைசியில் மோல்மேன் ஜப்பானியர் கையில் விழுந்தது. நடக்க முடிந்தவர்கள் காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். தாத்தா போகவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மரவாடி வேலைக்கு வந்தவர். பாட்டி கர்ப்பிணி, நடக்க முடியாது என்று இருந்துவிட்டார். மறுபடி 1964இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது நம் மக்கள் கப்பல் ஏறினார்கள். பெரியப்பாவுக்கு அப்போது 21 வயது. அவரும் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, “மரம் இங்கேதானே இருக்கிறது?” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை.

பேச்சு இல்லை என்றேன் அல்லவா, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவருக்கு 76 வயதானபோது அவருடைய கதையைப் பதிவு செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். யாங்கோனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, “பெரியப்பா, உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றேன். “என்ன இருக்கிறது அம்மாடி? பிறந்தேன், மரம் அறுத்தேன், சாப்பிட்டேன்” என்று எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, கால் ஆடிய ஒரு நாற்காலியைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவிழ்த்துப் பார்த்தார். விரலால் மூட்டைத் தடவினார். “ஒட்டியவன் அவசரக்காரன்” என்றார். பிறகு ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை.

தேக்கில் எண்ணெய் இருக்கிறது, இழைத்து நாளானால் அது மேலே கசிந்து பசையைப் பிடிக்க விடாது என்பதில் தொடங்கினார். இழைத்த அன்றே ஒட்ட வேண்டும். முடியாவிட்டால் ஒட்டும் முகத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். அதிலிருந்து தேக்கு வெட்டும் முறைக்குப் போனார். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் நிற்கும் மரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்கடியில் உள்ள வெள்ளை மரத்தையும் வளையமாகச் செதுக்கிவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்து, இரண்டு மூன்று வருடம் காயும். அப்புறம் வெட்டி யானையைக் கட்டி இழுத்து ஆற்றில் விட்டால் மிதந்து மோல்மேனுக்கு வந்து சேரும். “நின்றபடியே சாவது தேக்கு மட்டும்தான் அம்மாடி, நாமெல்லாம் படுத்துக்கொண்டு” என்றார். அங்கிருந்து அவருடைய அப்பாவின் மரணத்துக்குப் போனார். நாற்காலி இல்லாமல் அந்தக் கதை எனக்குக் கிடைத்திருக்காது.

அப்போது கண்டுகொண்டேன்: கைத்தொழில்காரரிடம் வாயைப் பார்த்துக் கேட்கக் கூடாது, கையில் எதையாவது கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் உடைந்த பொருள் ஒன்றோடுதான் போனேன். மொத்தம் 14 பதிவுகள். சில தொழில்நுணுக்கமும் பழகின. கைப்பேசியைப் பட்டறை மேசைமேல் வைத்தால் சுத்தியல் அடியில் குரல் போய்விடும். அதனால் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவேன். இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு கேள்வியை இழுக்கக் கூடாது. “எப்போது?” என்று கேட்டால் அவருக்கு வருடம் வராது, “அந்தக் கதவு வைத்தபோது யார் உயிரோடு இருந்தார்கள்?” என்று கேட்டால் வந்துவிடும். அன்றிரவே பதிவுக்குப் பெயரிட்டு இரண்டு இடத்தில் நகலெடுத்துவிட வேண்டும். நாளைக்கு என்று விட்ட இரண்டு பதிவுகள் கைப்பேசியோடு தண்ணீரில் போயின. அவற்றில் ஒன்று அவர் திருமணம் பற்றியது. பெரியம்மாவுக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

கருவிகளைப் பற்றி அவர் சொன்னதும் அப்படி ஓர் உளியைக் கையில் வைத்திருந்தபோது வந்ததுதான். 1964இல் எங்கள் தெருவிலிருந்து போன ஆச்சாரிகள் கருவிப்பெட்டியைக் கப்பலில் ஏற்ற முடியாமல் விற்றுவிட்டுப் போனார்கள். சிலர் விற்கவில்லை, “திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன்” என்று இவரிடம் வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் வரவில்லை. ஒவ்வொரு பிடியிலும் சொந்தக்காரர் குறி உண்டு: ஒன்றில் ‘சு’, ஒன்றில் வேல், ஒன்றில் மூன்று புள்ளி. பெரியப்பா அந்த உளிகளால் அறுபது வருடம் வேலை செய்தார். பிடி தேய்ந்து உடைந்தால் புதுப் பிடி கடைந்து, அதிலும் அதே குறியைச் செதுக்குவார். அவருடைய குறி ஒரு கருவியிலும் இல்லை. இது எனக்குத் தெரிந்திராவிட்டால், பட்டறையில் கிடைத்த ‘சு’ யார் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். அல்லது அழுக்கு என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பேன். பழைய கருவியின் பிடியை ஒருபோதும் தேய்க்காதீர்கள்.

இரும்பைக் காப்பாற்றுவது வேறு பாடு. எங்கள் ஊரில் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மே மாதம் தொடங்கினால் அக்டோபர் வரை துணியே காயாது, உளி எப்படிக் காயும்? துருவை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெயை மெலிதாகப் பூசி வைக்கிறோம். தேங்காய் எண்ணெய் பூசினால் நாளடைவில் பிசினாகிவிடுகிறது. பிளாஸ்டிக் பையில் சுற்றி வைப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல். உள்ளே ஈரம் சிக்கி இரண்டே மாதத்தில் துரு பூக்கும். அவர் செய்த தேக்குப்பெட்டியில் வைத்தவை மட்டும் அப்படியே இருந்தன. தேக்கு, தன்னோடு ஒட்டிக் கிடக்கும் இரும்பை அரிக்காத மரம்.

பெரிய இழைப்புளியைத் துடைக்கப் பிரித்தபோது அலகுக்கு அடியில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. விரித்தால், 35 கியாட் நோட்டு. 1987 செப்டம்பரில் ஒரே நாளில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. மாற்றுப் பணமும் தரவில்லை. மூன்று வாரம் முன்புதான் ஒரு வீட்டுக்கு ஆறு நிலை வைத்த கூலி முழுவதும் அந்த நோட்டுகளாக வந்திருந்தது என்று பெரியம்மா சொன்னார். அடுப்பில் போடப்போன தன்னைத் தடுத்துப் பெரியப்பா ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டாராம், அலகு அதிராமல் இருக்க அடியில் கொடுக்கத் தாள் தேவைப்பட்டது என்று. நான் அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆசைப்பட்டேன். வேண்டாம் என்று தோன்றியது. படம் எடுத்துக்கொண்டு, மடிப்பு மாறாமல் அங்கேயே வைத்தேன். இன்றும் அந்த இழைப்புளி அதிராமல் ஓடுகிறது.

இனி அவருடைய பொழுதுபோக்குகள். ஊரில் அவரை அறியாதவர்கள்கூட ஆர்மோனியத்துக்காகத் தேடி வருவார்கள். கோயில் பஜனைக்கு வைத்திருந்த ஆர்மோனியத்தில் ஒரு சுரம் ஊமையானபோது பிரித்துப் பார்த்ததில் தொடங்கிய பழக்கம். என்னிடம் அவர் காட்டியது இது: பித்தளை நாக்கு ஒன்று பேசவில்லை என்றால் பத்தில் எட்டு முறை தூசிதான் காரணம். மெல்லிய தாளை நாக்குக்கு அடியில் நுழைத்து மெதுவாக இழுத்தால் போதும். சுரம் தாழ்ந்திருந்தால் நாக்கின் நுனியில் அரத்தால் ஒரு தடவல். உயர்ந்திருந்தால் ஆணி அடித்த அடிப்பக்கத்தில் ஒரு தடவல். நுனி இலேசாகும்போது சுரம் ஏறும், அடி மெலியும்போது இறங்கும். “ஒரு தடவலுக்கு ஒரு முறை கேள். எடுத்த பித்தளையைத் திருப்பி வைக்க முடியாது” என்பார். அவருக்குப் பாடத் தெரியாது. சுரம் சேர்ந்துவிட்டதைக் கண்ணை மூடித் தாடையைப் பெட்டிமேல் வைத்துத்தான் கண்டுபிடிப்பார். காதைவிட எலும்பை நம்பினார்.

பலகையில் சித்துயின் ஆடுவார். பர்மியச் சதுரங்கம். நம் ஆட்டத்தைப் போலில்லை. சிப்பாய்கள் மட்டும் முதலில் இடத்தில் நிற்கும், மற்ற காய்களை அவரவர் விருப்பப்படி பின்னால் நிறுத்திவிட்டு ஆட்டம் தொடங்கும். படாவ் மரத்தில் சிவப்புக் காய்கள் செதுக்குவார். வேறு மரத்தில் செதுக்கிக் கறுப்பேற்றியவை எதிர்ப்பக்கம். யானைக் காய்க்கு மட்டும் ஒரு முழு நாள் எடுத்துக்கொள்வார். யானை ஐந்து இடத்துக்கு நகரலாம்: முன்னால் ஒரு கட்டம், நான்கு மூலையிலும் ஒவ்வொரு கட்டம். தும்பிக்கையும் நான்கு காலும் என்று விளக்குவார்கள். தாத்தா மரவாடியில் பார்த்த யானைகள் அவை என்று நான் நம்புகிறேன். ஒன்றின் தந்தம் முறிந்திருக்கும், வேண்டுமென்றே அப்படிச் செதுக்கியது.

பட்டறைக் கூரையோரம் பிங்கடோ என்ற மரத்தின் கட்டைகளில் தேங்காய் நாரால் கட்டிய காட்டு ஆர்க்கிட்கள் தொங்கின. மண் வேண்டாம், நார் ஈரம் போதும் என்பதைத் தவிர அதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வானொலியைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அவரிடம் வால்வு போட்ட பழைய வானொலி ஒன்று இருந்தது. பெட்டி உளுத்தபோது தேக்கில் புதுப்பெட்டி செய்து உள்ளுறுப்புகளை மாற்றிப் பொருத்தினார். இரவில் சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்பார். 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு அந்த ஒலிபரப்பு நின்றது. அதன்பிறகும் பல நாள் அதே நேரத்துக்குக் குமிழைத் திருகிவிட்டு இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். பிறகு துணி போட்டு மூடிவிட்டார். அவர் போன பிறகு என் மகன் ஆசையாக மின்செருகியை எடுத்துக்கொண்டு போனான். நல்லவேளையாக, தெருமுனையில் வானொலி பழுது பார்க்கும் பெரியவர் பார்த்துக் கத்தினார். பல வருடம் ஓடாத வால்வு வானொலியை நேராக மின்சாரத்தில் செருகினால் உள்ளே உள்ள பழைய மின்தேக்கிகள் வெடிக்கக்கூடும். செருகியைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். தெரிந்தவரிடம் கொடுத்து மின்தேக்கிகளை மாற்றிய பின்னரே, அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்க்க வேண்டும். அந்தப் பெரியவர்தான் செய்து கொடுத்தார். பாடுகிறது.

கருவிகளை என்ன செய்வது என்பதில் வீட்டில் பேச்சு எழுந்தது. யாங்கோனிலிருந்து ஒரு வியாபாரி வந்து இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முத்திரை போட்ட உளிகளுக்கு நல்ல விலை சொன்னார். ஒரு வருடம் எதையும் கொடுப்பதில்லை என்று பெரியம்மா முடிவு செய்தார்; எனக்கு அதில் முழு சம்மதம். துக்கத்தில் எடுத்த முடிவைத் திருப்ப முடியாது. வருடம் முடிந்ததும் பெரும்பகுதியைப் பெரியப்பாவின் சீடருக்குக் கொடுத்தோம். மோன் இனத்துப் பையன், பதினாறு வயதில் வந்து சேர்ந்தவர். பெரியப்பாவை ‘சயா’, அதாவது ஆசான், என்பார். பேசுவது பர்மிய மொழி. ஆனால் உளி, கொட்டாப்புளி, ரசமட்டம் எல்லாம் அவர் வாயில் தமிழில்தான் வரும், அவற்றுக்கு வேறு பெயர் இருப்பதே அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பெரியப்பா முடிக்காமல் விட்ட அந்த வேலையை அந்தச் சீடர்தான் அடையாளம் கண்டார். பலகைக் கட்டின் பின்னால் ஒரு பழைய லுங்கியில் சுற்றியிருந்தது: ஓரங்கள் மழித்த தேக்குப் பலகை ஒன்று, நடுவில் விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு வெட்டு, நான்கு கால்கள், நான்கு குறுக்குச் சட்டங்கள். துளைகள் எல்லாம் போட்டிருந்தன, ஒட்டவில்லை. ஒரு முக்காலி உயர மணை என்று தெரிந்தது. சேர்த்து நிறுத்தினால் ஆடவில்லை, ஆனால் சாய்ந்து நின்றது. அளந்தோம். இரண்டு கால் 12 அங்குலம், இரண்டு கால் பதினொன்றரை.

“சயாவுக்குக் கண் மங்கியிருந்தது” என்று சீடர் மெதுவாகச் சொன்னார். நீளமான இரண்டையும் அரை அங்குலம் அறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ரம்பத்தை எடுத்தார். பெரியம்மா, “இருக்கட்டும், இன்னொரு நாள் பார்க்கலாம்” என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவர் செய்ததை அவர் இல்லாதபோது வெட்ட மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். மறுபடி லுங்கியில் சுற்றி வைத்தோம். அது பல மாதம் அப்படியே கிடந்தது.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். மழை விட்ட ஒரு காலை. பெரியம்மா கிணற்றடியில் மீன் அலசிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் தரையில் குந்த முடியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். உட்காருவதற்கு முன் குனிந்து, சரிவில் கீழே இருந்த இரண்டு கால்களுக்கு அடியிலும் ஒவ்வொரு பலகைத் துண்டைத் தள்ளினார். அந்தத் தளம் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டது. பல வருடமாக அவர் அப்படிச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவும் பட்டறைச் சன்னல் வழியாகத் தினமும் பார்த்திருப்பார்.

ஓடிப்போய் லுங்கி மூட்டையை எடுத்து வந்தேன். பசை இல்லாமலேயே கால்களைத் துளையில் தட்டி ஏற்றினேன். குட்டைக் கால் இரண்டும் கிணற்றுப் பக்கம், நெட்டைக் கால் இரண்டும் சாக்கடைப் பக்கம். பலகையில் விட்டிருந்த வெட்டு, தண்ணீர் வடிவதற்கு. சிலேட்டில் நான்கு கோடுகளுக்கு அடியில் சாய்ந்திருந்தது அடித்த கோடு அல்ல, கிணற்றடித் தரை.

பெரியம்மா மீன் கையோடு நின்றார். பட்டறையிலிருந்து ரசமட்டத்தைக் கொண்டு வந்து பலகைமேல் வைத்தேன். குமிழி இப்படியும் அப்படியும் ஒரு முறை ஓடி, நடுக்கோடுகளுக்கு இடையில் வந்து நின்றது.